தாழ்த்தல்

வெள்ளைப் பொடி.
சுவர்ப் பெயின்ற்றில், பற்பசையில், மாத்திரையின் மேற்தோலில்
எங்கும் இருக்கிற அதே சோம்பல் வெள்ளை.
பீங்கான் படகில் அரைக் கிராம் ஏற்றிக்
குழாய் உலைக்குள் தள்ளிவிட்டேன்.

ஐதரசன் உருளை கொழும்பிலிருந்து வர
மூன்று கிழமை.
லொறிக்காரர் மாங்குளத்தில் நின்று போன் எடுத்தார்:
"தங்கச்சி, இது வெடிக்குமோ?"
ஓம் என்றேன்.
மெதுவாய் வந்தார்.

நானூற்றைம்பது பாகை.
ஒட்சிசன் அணுக்கள் சில எழுந்து போகும்;
போன இடத்தில் விட்டுச்சென்ற இலத்திரன்கள்
எங்கே இருப்பதென்று தெரியாமல் நிற்கும்.
அந்தத் தடுமாற்றத்துக்குத்தான் நிறம்.
முதலில் சாம்பல், பிறகு
நாவற்பழம் தின்ற நாக்கு.

ஏழு மணிக்குக் கறண்ட் போனது.
செபநேசன் அண்ணை ஜெனரேற்றரை இழுத்து முடிப்பதற்குள்
முத்திரை வளையத்தால் காற்று புகுந்துவிட்டது.
திறந்தால்
ஒன்றுமே நடவாததுபோல வெள்ளை.

அது ஒன்பதாம் தடவை.
பத்தாவது நீலமாகவே வெளியே வந்தது. போத்தலில் போட்டு,
தீபாவளி லீவு முடிந்து வந்து பார்த்தால்
ஓரமெல்லாம் வெளிறல்.
"நீலமாக்கிறது சுகமடி,"
கிருபாலினி சொன்னாள்,
"வைச்சிருக்கிறதுதான்."

சுருக்கத்தைத் தமிழிலும் கேட்டார்கள்.
தாழ்த்தப்பட்ட தைத்தேனியம் ஈரொட்சைட்டு
என்று தட்டிவிட்டு
விரலை எடுத்தேன்.

எங்கள் வீட்டில் அந்த முதற்சொல்லுக்கு வேறு வேலை.
அப்பப்பா தேத்தண்ணிக் கடைக்குள் கால் வைத்த அன்று
அவருடைய சட்டைப் பையில்
மடித்திருந்த துண்டுப்பிரசுரத்துச் சொல்.
இரத்தத்தோடு தோய்த்தும்
மை போகவில்லையாம்.

இங்கே அதற்குப் பொருள்
இலத்திரனைப் பெற்றது.
வெள்ளை திருப்பி அனுப்புகிற வெளிச்சத்தையும்
உள்ளே வாங்கிக்கொள்வது.
மேற்பார்வையாளர் வேறு சொல் இருக்கோ என்றார்.
இல்லை சேர் என்றேன்.
இருந்தது.

பதினாலாம் தடவைக்கு
கன்ரீனில் ஒரு கரண்டி சீனி வாங்கினோம்.
கரைத்து, பொடியில் பிரட்டி, உலர்த்தி,
ஆகனுக்குள் கருக்கினால்
ஒவ்வொரு மணியிலும் மெல்லிய காபன் தோல்.
காற்று வந்து தட்டும். தட்டட்டும்.

மாரிமழை. ஆய்வுகூட யன்னல் சரியாய்ப் பூட்டாது,
தராசுத் தட்டில்கூட ஈரம்.
போத்தல் அதே யன்னற்கட்டில்தான்,
வேண்டுமென்றே.

இன்றைக்கு முப்பத்தொரு நாள்.
கறுநீலம்.
மூடியைத் திறந்து பாரடி என்கிறாள் கிருபாலினி.
நாளைக்கு.