ஐந்தரை கிராம்

முதல் வலையில் ஒன்றுமில்லை.
இரண்டாவதில் பாசித் துணுக்கு.
மூன்றாவதில் இது.

லாங்டாங் மலையில், குராஸ் மரங்களுக்கு நடுவே
வெயில் இன்னும் இறங்கி வராத நேரம்.
பீர்க்கா மோக்தான்
ஒவ்வோர் இழையாய் விலக்கி எடுக்கிறான்;
காலில் ஒரு சுற்று, தோளில் இரண்டு.
சிக்கோடு அவன் சண்டை போடுவதே இல்லை.

துணிப்பையோடு தராசில் தொங்கவிட்டுப்
பையைக் கழித்தால் ஐந்தரை கிராம்.
அதற்குள்ளேதான் அந்தத் துடிப்பு முழுவதும்.

இலைக்கதிர்க்குருவி.
அதுவரை எங்களுக்குள் தகராறு இல்லை.
எந்த இலைக்கதிர்க்குருவி?
இறக்கையில் கோடு இரண்டு;
இந்தக் காட்டில் பாதிப் பேருக்கு இரண்டுதான்.
புருவம் மஞ்சள். அதுவும் அப்படியே.
உச்சந்தலையில் வகிடு உண்டா?
ஊதிப் பார்க்கிறேன்.
உண்டு மாதிரி இருக்கிறது.
இடுப்பில் எலுமிச்சை.
தொண்டை சாம்பலா, என் விரலின் நிழலா?
நேற்றைய மழையில் புத்தகத்தின்
நூற்றுப் பன்னிரண்டும் பதின்மூன்றும்
ஒட்டிக்கொண்டுவிட்டன, உரித்தால் இரண்டும் போகும்.

வாலின் ஓர இறகில் வெள்ளை இருந்தால் ஒன்று,
இல்லாவிட்டால் இன்னொன்று.
வாலைப் பார்த்துவிட்டால் தீர்ந்தது.

அலகில் பாதிப் பூச்சி.
நாங்கள் குறுக்கே வந்த காலைச் சாப்பாடு.

"போன வாரம் துன்சேயில்
கட்டைவிரலை அழுத்தச் சொன்னார்கள்" என்றான் பீர்க்கா.
"கண்ணாடி மூன்று தடவை மாட்டேன் என்றது.
கோடரி, கயிறு, உருளைக்கிழங்கு வயல்,
ரேகை தேய்ந்து போச்சாம்.
நீதான் பீர்க்காவா என்று கேட்டார் எழுத்தர்.
ஆமாம் என்றேன்.
அதை நீ சொன்னால் போதாது என்றார்.
பாருங்களேன்."

நீட்டினான். பார்த்தேன்.
ஆற்றில் கிடந்த கூழாங்கல் மாதிரி இருந்தது.

அந்த ஒரு பார்வைக்குள்
என் கை காலி.

ஃபிர் மரத்தின் உச்சியிலிருந்து
தூரத்துத் தையல் எந்திரம் போல
நிற்காமல் ஒரு குரல்.
"அதுதான்" என்றான்.
அதுவாகவும் இருக்கலாம்.
அந்த மரத்தில் காலையிலிருந்தே யாரோ
தைத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

எடை எழுதினேன். நேரம் எழுதினேன்.
இனம் என்ற கட்டத்தில் பேனா
கொஞ்ச நேரம் நின்றது.
குறிப்பு: வால் பார்க்கவில்லை.
காரணம் கேட்க அங்கே கட்டம் இல்லை.

நான்காவது வலைக்குப் போகும் வழியில்
என் விரலில் ஒட்டியிருந்ததைக் காட்டினேன்:
மயிரிழை மொத்தத்தில், முழங்காலோடு
ஒரே ஒரு கால்.

கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு
பீர்க்கா கேட்டான்,
"இது என்ன பூச்சி?"