கடைமடைத் தூர்

நீடாமங்கலம் நெல் கொள்முதல் நிலையத்து லோடுமேன்
அமிர்தகடேசன், வயது நாற்பத்தொன்பது.
உப்புநீர் விட்டு நெஞ்சைக் கழுவி எடுத்ததில்
ஒரு சொட்டு, சாயமேறி,
கண்ணாடிச் சில்லில் என் முன்னால் கிடக்கிறது.
தஞ்சாவூரில் மத்தியானம். ஜெனரேட்டர் உறுமுகிறது.

மூணாறு தலைப்பில் ஆறு பிரிகிற மாதிரிதான்
மூச்சுக்குழலும்.
ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி,
இருபத்து மூன்றாம் பிரிவோடு வாய்க்கால் முடிந்து
வெறும் காற்றுக் குமிழிகள்.
எங்கள் கூத்தாநல்லூர்ப் பக்கம்
கடைமடைக்குத் தண்ணீர் எட்டாத வருஷங்கள் உண்டு.
தூசி எப்படியோ வந்து சேர்ந்துவிடுகிறது.

பெரிய தூசியைப் பாதி வழியில் சளி மடக்கும்,
பிசிர்கள் தொண்டைக்குத் தள்ளிவிடும்.
காறித் துப்பினால் கதை முடிந்தது.
பொடிசுகள்தான் கடைசிவரை போகும்:
நெல் தூற்றுகையில் எழும் சுணை,
அரவை மில் கக்கிய உமிச் சாம்பல்.

அங்கே ஒரு செல் ஊர்ந்துகொண்டிருக்கும்.
கண் கிடையாது.
தடவித் தடவிப் போய், உடம்பையே கையாக நீட்டி
அந்நியத்தை வளைத்து உள்ளே வாங்கிக்கொள்ளும்.
தூர்வாரத்தான், ஆனால்
டெண்டர் இல்லை, பில் இல்லை,
மேட்டூர் திறக்கும் தேதி அதற்குத் தெரியாது.

இதோ ஒன்று. லென்ஸைத் திருகுகிறேன்.
ஊதா உட்கரு ஓரமாய் ஒதுங்கி நிற்க
வயிறெல்லாம் கறுப்பு.
கிருமியென்றால் கரைத்திருக்கும்.
இது வெந்த உமியின் கண்ணாடி.
கரைக்கப் பார்த்துத் தானே கிழிந்துபோகும்;
சிந்தியதை இன்னொன்று வந்து விழுங்கும்,
அதுவும் சாகும்.
இன்னொன்று.
செத்த இடம் மெல்லத் தழும்பாகி இறுகும்.

இருநூறு எண்ண வேண்டும். நூற்று முப்பதில்
கதவில் நிழல்.

"உள்ள என்னம்மா தெரியுது?"
தூசியைத் தின்கிற உயிர்கள், என்றேன்.
"எத்தினி இருக்கும்?"
கோடிக்கணக்கில்.
யோசித்தார். "நாங்க பதினெட்டு பேருதான்."
கொஞ்சம் கழித்து,
"அதுகளுக்கு லீவு உண்டா?"
எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கு இருமல்.
"நாளைக்கு லாரி வருது, சீக்கிரம் எழுதிக் குடுத்துடுங்க.
துண்டு கட்டிக்கிட்டுத்தான் தூக்குறேன்."

வராந்தாவுக்குப் போய் அந்தத் துண்டை உதறினார்.
ஜன்னல் வெயிலில் பொன்தூளாய் எழுந்து
என் மேஜைவரை வந்தது.
மூச்சை அடக்கிக்கொண்டேன்,
முடிந்தவரை.

நூற்று முப்பத்தொன்று.