வெந்நீர் நிற்குமிடம்

மாதத்தில் ஒரு ஞாயிறு
கறுப்புக் கோச்சி வரும்.
அதற்கு முந்தின ராத்திரியே
பீலிக்கரைத் தண்ணியை நான் நிறுத்திவிட வேண்டும்.

வேலை அவ்வளவுதான்.
காட்டு ஊற்று இரண்டாகப் பிரியும் இடத்தில்
ஓர் இரும்புச் சக்கரம்.
வலப்பக்கம் திருகினால் லயத்துக்கு,
இடப்பக்கம் திருகினால் ஸ்டேஷன் தொட்டிக்கு.
இருபத்து நாலு காம்பராவுக்கும்
அந்த ஒரு வயிற்றுக்கும்
இதே தண்ணிதான்.

எஞ்சினைப் பற்றியும் சொல்ல வேண்டும்.
அது அழகு. பொய் சொல்ல மாட்டேன்.
கிரேட்வெஸ்டன் வளைவில் தெரியும் முன்னமே
தண்டவாளம் என் செருப்புக்குள் பேசும்.
அதன் பித்தளை விளிம்பில்
தேயிலை மலை முழுக்கச் சிறுத்து, வளைந்து,
தலைகீழாய் ஓடும்.
பின்னால் கருஞ்சிவப்பில் நாலு பெட்டி,
தேக்குச் சுவர், குமிழ் விளக்கு,
கோப்பை ஆடாமலிருக்க
மேசையில் பள்ளம் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

நாற்பது நிமிஷம் நின்று குடிக்கும்,
தலை தூக்காமல்.

தை மாசம், புல்லெல்லாம் உறைபனி.
மூன்றாம் காம்பரா ரொஷாந்தி
பதினொரு நாள் பிள்ளையைச் சேலையில் சுற்றிக்கொண்டு
வெறும் வாளியோடு வந்து நின்றாள்.
என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.
எஞ்சினைப் பார்த்துத்தான் கேட்டாள்:
"இவ்வளவும் குடிச்சியே,
கொஞ்சம் குடேன்."

ஃபயர்மேன் கருணாதிலகவுக்குத் தமிழ் அரைகுறை.
வாளி புரிந்தது. பிள்ளை புரிந்தது.
கரிக்கையால் பிடரியைச் சொறிந்தார்.
தான் நிற்கும் தட்டைக் கழுவ வைத்திருக்கும்
ரப்பர் குழாயை வெளியே நீட்டினார்.
சீறிக்கொண்டு வந்தது.
"உணு வதுர" என்றார். "பொன்ன எபா."
குடிக்க ஆகாது, குளிப்பாட்ட ஆகும்.
அப்புறம் ஏழு வாளி வந்தன.
அதற்குப் பிறகு நான் எண்ணவில்லை.

அன்று சாயங்காலம்
லயத்துப் பிள்ளைகள் எல்லாரிடமும் எஞ்சின் வாடை.
ரொஷாந்தியின் மகன்
பாலும் எண்ணெயும் மணக்கத் தூங்கினான்.
பெட்டி ஜன்னல்களில் கேமராக்கள் இறங்கியதை
நான் பார்க்கவில்லை.

மாசியில் ஒரு வழவழத் தாள் வந்தது.
ஸ்டேஷன் மாஸ்டர் வாசித்துச் சொன்னார்.
நேர அட்டவணையில் புது வரி:
பத்து ஐம்பது, வெந்நீர் வாங்கும் பெண்கள்,
பதினைந்து நிமிஷம்.
கூடவே எனக்கொரு குறிப்பு.
பிளாஸ்டிக் வாளி வேண்டாமாம்.
பித்தளைக் குடம் அவர்களே கொண்டுவருவார்களாம்,
போகும்போது திருப்பி எடுத்துக்கொள்வார்களாம்.
சேலை சிவப்பென்றால் நல்லதாம்.

லயத்தில் போய்ச் சொன்னேன்.
முதலில் சிரித்தார்கள்.
பிறகு பரிமளாக்கா ஒரு சந்தேகம் கேட்டார்:
"குடத்தத் திருப்பிக் குடுக்கிறப்போ
தண்ணியையும் திருப்பி ஊத்தணுமா?"
தாளில் அதற்குப் பதில் இல்லை.

ஞாயிறு. பத்து ஐம்பது.
பிளாட்ஃபார்மில் எட்டுக் குடம் வரிசையாய்,
பார்த்தால் கண் கூசியது.
கருணாதிலக ரப்பர் குழாயோடு காத்திருந்தார்.
ஜன்னல்களும்தான்.

வந்தார்கள்.
பெயின்ட் வாளி, உரம் வந்த வாளி,
பாதியாய் வெட்டின எண்ணெய் டின்,
நீலத்தில் ஒன்று, பிடி அறுந்து
கயிறு கட்டினது ஒன்று.
குடங்களைத் தூக்கி ஓரமாய் வைத்தார்கள்,
நசுங்காமல், மெதுவாகத்தான்.
பிறகு வரிசையில் நின்றார்கள்.
கருணாதிலக குழாயைத் திறந்தார்.
ஜன்னலில் யாரோ ஏதோ கத்தினார்கள்,
நீராவிச் சத்தத்தில் கேட்கவில்லை.

கோச்சி வளைவில் மறைந்ததும்
நான் மேலே ஏறினேன்.
தொட்டி மறுபடி நிறையும் வரை,
அதாவது இருட்டும் வரை,
சக்கரத்தைத் தொடக் கூடாது என்பது உத்தரவு.
தொட்டேன். ஐஸாய்ச் சுட்டது.
வலப்பக்கம் திருகினேன்.

கீழே பீலியில்
முதலில் காற்று இருமியது,
பிறகு ஒரு கை சேறு,
பிறகு தண்ணி.