பாங்குக்குப் பதில்

சம்மாந்துறையில் ஒரு நெல் மில்லில்
கணக்கு எழுதுகிறேன்.
ஒரு மூட்டை குத்தினால் எத்தனை கிலோ தவிடு
என்று கேளுங்கள்,
கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.
என்னிடம் எத்தனை கிலோ உறுதி என்று மட்டும்
பதினெட்டு மாதம் நிறுத்துப் பார்த்து
தராசு முள் அசையவேயில்லை.

சூது ஃபோனுக்குள் இருந்தது.
வாசல் இல்லை, தெரிந்தவன் கண்டுவிடுவான் என்ற
வெட்கமும் இல்லை.
பெயர் தெரியாத ஊரில் பெயர் தெரியாத இருவர்
பந்தடிக்க,
ஜெசீமா மறுபக்கம் திரும்பிப் படுக்க,
ராத்திரி ரெண்டு மணிக்கு
நான் போர்வைக்குள் வெளிச்சமாயிருந்தேன்.

சத்தியம் பண்ணினேன்.
செயலியை அழித்தேன். அழிக்க ஒரு விரல்,
திரும்ப இறக்க அதே விரல்.
கலண்டரில் பச்சைப் பேனையால் வட்டம் போட்டேன்.
ஒன்பது வட்டம்.
பத்தாம் நாள்
ஒன்பது நாள் தாங்கினவனுக்கு ஒரேயொரு ஆயிரம் ரூபாவா
கூடாது என்று
என் உறுதியே வந்து காதுக்குள் கேட்டது.

ஃபோனை நெல் மூட்டைக்குள் புதைத்து வாயைத் தைத்தேன்.
தைத்த ஊசி
என் சட்டைப் பையில்தான் இருந்தது.

மறுகா சங்கிலி போனது.
"கொக்கி அறுந்த, பத்தரிட்டக் குடுத்திரிக்கன்" என்றேன்.
"சரி" என்றாள் ஜெசீமா.
சோற்றுக்குள் கல் கடிபட்டவள்
விருந்தாளி முன்னே விழுங்குவாளே,
அப்படி ஒரு சரி.

மாசி அறுவடை. மில் இரவிலும் ஓடியது.
இலாச்சிக்குள் மூன்று லட்சத்து எண்பதாயிரம்.
உதுமாலெவ்வைக்கு எழுபது,
வீரமுனைக் கதிராமனுக்கு நாற்பத்தைந்து,
மிச்சம் யார் யாருக்கு என்று
என் கையெழுத்தில்தான் இருக்கிறது.
காலையில் வருவார்கள், வரம்புச் சேறு காயாத காலோடு.
சாவி என்னிடம்.
இலாச்சி திறந்திருந்தது.
நான் திறந்த ஞாபகம் இல்லை.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ.
மில் நின்றிருந்தது, உமித் தூசி மட்டும் இன்னும்
இறங்கிக்கொண்டிருந்தது.
சுபஹுக்கு மோதினார் ஆதம்பாவா
வழமைபோல ஒருமுறை இருமிவிட்டுத் தொடங்கினார்.

'தொழுகைக்கு வாருங்கள்' என்ற இடத்தில்
ஓதப்பள்ளியில் பழகிய வாய்
என்னைக் கேளாமலே பதில் சொன்னது:
லா ஹவ்ல வலா குவ்வத இல்லா பில்லாஹ்.

முப்பது வருடமாகச் சொல்கிறேன்.
அன்றைக்குத்தான் கேட்டது.

வா என்கிறான் ஒருவன்.
வருகிறேன் என்று சொல்ல
எங்களுக்குப் படிப்பிக்கவில்லை.
அசையவும் ஏலாது, அதற்குப் பலமும் இல்லை,
உன்னைக் கொண்டேயன்றி
என்றுதான் பதில்.
நாலடி தள்ளியிருக்கும் பள்ளிக்குப் போகவே
இப்படிச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டுமென்றால்
நான் எந்தத் துணிவில்
பச்சைப் பேனையோடு நின்றேன்?

மில் குழாயில் வுழூ எடுத்தேன்.
முழங்கையில் ஒட்டிய உமி போகவில்லை, அப்படியே போனேன்.
சுஜூதில் அழகான துஆ எதுவும் வரவில்லை.
எனக்கு ஏலாது றப்பே,
ஒருநாளும் ஏலாமல்தான் இருந்தது என்றேன்.

விடிந்ததும் சாவியை ஹாஜியாரிடம் கொடுத்தேன்.
"ஏன்டாப்பா?"
"வேற ஆரிட்டயும் குடுங்க."
என் முகத்தைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.
ஜெசீமாவிடம் சொன்னது இதைவிடக் கஷ்டம்,
அதை இங்கே எழுதமாட்டேன்.

சங்கிலி இன்னும் வங்கியில்.
கலண்டரில் வட்டம் இல்லை.
ஆசை செத்துவிட்டதா என்றால், இல்லை,
ஊரில்தான் இருக்கிறது, என் விலாசமும் தெரியும்.

ஒரு பாங்குக்கு நாலு தரம் அந்தப் பதில்.
கணக்கெழுதுகிறவன், எண்ணாமல் இருக்க முடியுமா?
நாளொன்றுக்கு இருபது தரம்
எனக்கு ஏலாது என்று சொல்லி வாழ்கிறேன்.
இருபத்தோராவது,
பாங்கே இல்லாத ராத்திரி ரெண்டு மணிக்கு,
நானாகவே சொல்வது.

நானாகவே
என்று எழுதியதை வெட்டுகிறேன்.