கையெழுத்து மட்டும் போடக் கூடாது

மேபல் டீச்சர் கொடுத்துவிட்ட தாளில்
மூன்று கட்டம்.
பிள்ளை என்ன நினைத்தாள்,
என்ன நடந்தது,
ஏன்.
அடியில் பொடி எழுத்தில்:
பெற்றோர் கூட இருந்து செய்யவும்,
கையெழுத்து மட்டும் போடக் கூடாது.

அந்தக் கடைசி வரி எனக்குத்தான்.
ஒன்றாம் வகுப்பு முழுக்க
கையெழுத்து மட்டுமே போட்டவன்.

இருட்டில் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு
களியல் சரிவில் முந்நூறு மரம் வெட்டி வந்தால்
பகலில் கண் தானாக அடைக்கும்.
ரெஜிஷா இமையைப் பிடித்துத் திறந்தாள்.
"அப்பா, நாலு சிரட்டை வேணும்."

நாலிலும் ரப்பர் பால் ஊற்றினோம்.
ஒன்றில் ஆசிட். நான் விட்டேன்,
அவளை வாசற்படிக்கு அப்பால் நிறுத்தி.
ஒன்றில் எலுமிச்சைச் சாறு.
ஒன்றில் புஷ்பலதா ராத்திரிக்கு எடுத்துவைத்திருந்த மோர்.
நாலாவதில் ஒன்றுமில்லை.
"அது எதுக்கு மக்களே?"
"சும்மா விட்டா என்ன ஆவும்னு பாக்க."

ஆசிட் சொன்னபடி கேட்டது.
எலுமிச்சையும்.
மோர் யோசித்து யோசித்து
அந்தியில் உறைந்தது.
"மோர் சாப்பாடு, அது உறைய வைக்காது"
என்று முதல் கட்டத்தில் எழுதியிருந்தாள்.
முகம் சுருங்கி, அழிக்க ரப்பர் கேட்டாள்.
சுற்றிலும் ரப்பர், வீட்டில்
ஒரு துண்டு ரப்பர் இல்லை.
அடுக்களையிலிருந்து புஷ்பலதா:
"அழிக்காதே. நினைச்சது நினைச்சதாவே இருக்கட்டும்."

விடிந்து பார்த்தால்
ஒன்றும் விடாத சிரட்டையும் கட்டியாகிக் கிடக்கிறது.
"இது ஏன்?"

பதினெட்டு வருசம்
ஒட்டுபால் என்று இதைத்தான் பிய்த்துச்
சாக்கில் போட்டுக்
குறைந்த விலைக்குத் தள்ளியிருக்கிறேன்.
ஏன் என்று ஒரு சிரட்டையிடமும் கேட்டதில்லை.
"பால்னா உறையும்" என்று
நாக்கு நுனிவரை வந்ததை
விழுங்கினேன்.

புஷ்பலதா குனிந்து மோந்தாள்.
"ச்சீ. புளிச்ச மாவு,
கூடவே செத்த எலி."
பிறகு மறுபடி மோந்தாள், மெதுவாக.
"ஆசிட்டும் புளிப்பு, எலுமிச்சையும் புளிப்பு.
இதுக்குப் புளிப்பு எங்கேருந்து வந்துது?"
மூன்று பேரும் சிரட்டையைச் சுற்றிக் குந்தியிருந்தோம்.
அடுப்பில் கஞ்சி பொங்கி வழிந்தது.

மூன்றாம் கட்டத்தில் நான் எழுதினேன்:
அம்மா புளிப்பு என்கிறாள்.
எனக்குத் தெரியாது.
நாளை வெந்நீரில் கழுவிய சிரட்டை ஒன்று,
கழுவாத சிரட்டை ஒன்று.
கட்டம் போதாமல் தாளின் பின்பக்கம் போனோம்.

திங்கட்கிழமை தாள் திரும்பி வந்தது,
கையெழுத்து இல்லை என்று.