ஈரக் கழிவு

கொழுந்து மூட்டைக்கு இரண்டு கிலோ
ஈரத்துக்கென்று கழிப்பேன்.
மழை நாளில் மூன்று.
கோத்தகிரி பேக்டரி வாசலில்
பதினாறு வருஷமாய் என் வேலை அது.
ஏன் என்று கேட்டவர்களுக்கு
போர்டைக் காட்டுவேன்.
போர்டில் எழுதியிருக்கிறது.

ஐப்பசியில் ஆஸ்பத்திரி வேன் வந்து
ரோஸ் நிறச் சீட்டு கொடுத்தது.
நாற்பது கடந்த பெண்களுக்கு
மார்பகப் பரிசோதனை, முற்றிலும் இலவசம்.
இலவசம் மட்டும் கொட்டை எழுத்தில்.

குன்னூருக்கு முதல் பஸ்.
வண்டிச்சோலை வளைவில் ஒன்றும் தெரியவில்லை,
டிரைவர் ஹாரன் அடித்து அடித்து
மேகத்திடம் வழி கேட்டார்.

ரவிக்கை இல்லாமல் நின்றேன்.
தட்டில் எடுத்து வைத்தாள் அந்தப் பெண்,
என்னுடையதை நானே வைத்திருப்பேன்.
மேல் தட்டு இறங்கியது.
தராசில் எதையும் வைத்துப் பழகியவள் நான்,
தட்டில் கிடந்து பழகியதில்லை.
"மூச்சை இழுத்துப் பிடிங்க."
பிடித்தேன்.
"எப்பவாவது வலி இருக்குமா?"
சூடான கைகள் அவளுக்கு. கேட்ட விதமும் அப்படித்தான்.
அதனால் சொன்னேன்:
"ஆமா, இடப்பக்கம். மாசம் ஒரு தடவை, லேசா."
ஏதோ ஒரு கட்டத்தில் டிக் அடித்தாள்.
இன்னும் இரண்டு படம்.
பிறகு பக்கத்து அறையில்
சில்லென்று ஒரு பசை, ஒரு ஸ்கேன்.
அக்கறை என்று நினைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டாம் நாள் தபாலில் இரண்டு காகிதம்.
ஒன்றில்: கவலைப்படும்படி எதுவும் இல்லை.
மற்றதில்: நாலாயிரத்து எண்ணூற்று அறுபது.
மரகதவல்லியை மரகதவள்ளி ஆக்கியிருந்தார்கள்.
தொகையில் மட்டும் ஒரு பிழை இல்லை.

கிலோ பதினெட்டு ரூபாய் விலையில்
இருநூற்று எழுபது கிலோ பச்சைக் கொழுந்து.
எதுவும் இல்லை என்பதன் எடை.

மறுபடி பஸ். மறுபடி மேகம்.
கவுண்டரில் மீசை அரும்பாத ஒரு பையன்.
"சும்மா பார்த்துக்க வந்தா இலவசம் மேடம்.
நீங்க வலின்னு சொல்லிட்டீங்க.
சொல்லிட்டா அது வேற டெஸ்ட்டு."
"கேட்டாங்க, சொன்னேன்."
"கேட்கத்தான் செய்வாங்க."
அவன் விரல் சுவரைக் காட்டியது.
போர்டில் எழுதியிருந்தது.

தொண்டை வரை வந்த கோபம்
அங்கேயே நின்றுவிட்டது.
அந்த விரலை எனக்குத் தெரியும்.

மூன்று தவணைக்கு ஒப்புக்கொண்டான்.
பஸ் ஸ்டாண்டில் டீ சொன்னேன்.
இஞ்சி போடவா என்றார் கடைக்காரர்.
இஞ்சிக்குத் தனியா என்றேன்.
ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பேக்டரியில் அதைக் கதையாகச் சொன்னேன்.
ஆமா என்ற ஒரு சொல்லுக்கு
நாலாயிரத்து எண்ணூற்று அறுபது.
வரிசை முழுக்கச் சிரிப்பு.
"எங்க வீட்டுக்காரரைக் கட்டிக்க
நான் சொன்ன ஆமாவுக்குக்கூட அவ்வளவு செலவில்லை"
என்றாள் மாதி.
ராக்கம்மாதான் ரொம்ப நேரம் சிரித்தாள்.
அவளிடமும் ரோஸ் சீட்டு இருக்கிறது,
வியாழக்கிழமைக்கு.
"நான் இல்லைன்னு சொல்லிக்கிறேன்க்கா.
ஒரே சொல்லு. இலவசம்."

சொல்லிக்கொண்டே மூட்டையை இறக்கினாள்,
வலது தோளிலிருந்து.
இத்தனை வருஷமும்
இடது தோளில்தான் சுமந்து வருவாள்,
அந்தப் பக்கத் துணிதான் முதலில் நைந்துபோகும்.

எழுதினேன்: மொத்தம் முப்பத்தொன்று.
ஈரம் இரண்டு.
நிகர எடைக் கட்டத்தில்
பேனா நின்றது.

அவள் சாக்கை உதறிக்கொண்டு
சரிவில் பாதி இறங்கியிருந்தாள்.
கீழிருந்து மேகம் ஏறிக்கொண்டிருந்தது.
"ராக்கு,
நில்லு."