சேற்றில் ஒரு கால்

ஃபைரோஸ் கடையில் இரண்டு ஜோடி.
ஒன்று முழுத் தட்டை, கறுப்பு ரப்பர்,
ரெண்டு லிட்டர் எண்ணெய்ப் புட்டியின் கனம்.
மற்றது நடுவில் கீறியது,
பாம்பின் நாக்கு மாதிரி பிரிந்து
ஆட்டினால் ஆடும்.

"இது முட்டிக்கு நல்லது அக்கா,
அது மற்ற எல்லாத்துக்கும் நல்லது."
முட்டியைத் தடவிக்கொண்டேன்.
பூப்பந்து ஆட்டத்தில் கிழிந்த குருத்தெலும்பு
இன்னமும் மழைக்கு முன்பே வானிலை சொல்கிறது.

விலையில் வித்தியாசமில்லை. அதுதான் தொல்லை.
ஒன்றாவது எட்டாத விலையில் இருந்திருந்தால்
என் சம்பளம் எனக்காக முடிவெடுத்திருக்கும்.
"ரெண்டையும் எடுத்துப்போய்ப் போட்டுப் பாருங்க."

போட்டுப் பார்த்தேன், ஒரே நேரத்தில்:
வலது காலில் தட்டை, இடது காலில் பிளவு.
செவ்வாய் இரவு, குளத்தின் பயிற்சித் தடத்தில்
சுவரைத் தள்ளி உதைத்தேன்.
நேராகப் போகவில்லை.
இடப்பக்கம் சாய்ந்து சாய்ந்து
முழு வட்டம் அடித்து
புறப்பட்ட ஓட்டிலேயே தலை முட்டினேன்.
உயிர்காப்பாளர் விசிலை எடுத்தார்.
சிரிப்பில் அது அவர் வாயில் நிற்கவில்லை.

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்கள்.
இங்கே ஆறு இல்லை.
சேறு உண்டு, புலாவ் ஹந்துவில்.

பேயின் பெயர் வைத்த தீவு.
எதிரே எண்ணெய் ஆலை
பகலிலும் ஒரு தீக்கொழுந்தை அணைக்காமல் வைத்திருக்கும்.
நீட்டிய கையில் விரல்கள் தெரிந்தால்
அன்று குறிப்பேட்டில் 'தெளிவு' என்று எழுதுவோம்.

சனிக்கிழமை பிளவோடு இறங்கினேன்.
முட்டி மூச்சு விடவில்லை.
மாதக்கணக்கில் முதல் முறையாக
எனக்கொரு முட்டி இருப்பதே மறந்தது.
சின்னச் சின்ன உதை, மேலும் கீழும்,
எனக்குப் பதிலாக வேறு யாரோ நீந்துவதைப் போல.

ஐந்து மீட்டரில் சியூ லெங்
ஒரு விசிறிப் பவளத்தின் முன்னால்
அசையாமல் தொங்கினாள்.
சுண்டுவிரல் நீளத்தில் ஒரு கடற்குதிரை
வாலால் தண்டைப் பற்றிக்கொண்டு
அவளுக்கு முதுகு காட்டிக்கொண்டு.
இருபது நிமிடமாக அவள் கேட்பதெல்லாம்
அது ஒருமுறை திரும்ப வேண்டும், அவ்வளவுதான்.

நானும் பார்க்க நெருங்கினேன்.
கொஞ்சம் அதிகமாக நெருங்கினேன்.
பின்வாங்கப் பார்த்தேன்;
காலில் இருந்ததற்கு முன்னால் போக மட்டுமே தெரிந்தது.
பதறி, கீழே உதைத்தேன்.

பிறகு பழுப்பு.
தே தாரிக்கைக் கவிழ்த்த பழுப்பு.
குதிரை இல்லை, விசிறி இல்லை, சியூ லெங் இல்லை,
அவள் கேமராவின் சிவப்புப் புள்ளி மட்டும்.

கடலுக்கடியில் 'சரி'க்குச் சைகை உண்டு,
'மேலே போ', 'காற்று குறைவு', 'அங்கே பார்',
மன்னிப்புக்கு இல்லை.
கைகூப்பினேன். அதுவும் தெரிந்திருக்காது.

படகில் அவள் ஒன்றும் சொல்லவில்லை.
நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்து
நெத்திலியை என் பக்கம் தள்ளினாள்.
திட்டியிருக்கலாம்.

முட்டி என் ஒருத்தியுடையது.
சேறு எல்லோருக்கும்.

தட்டையையே வாங்கிவிட்டேன்.
இரவில் கட்டிலில் குப்புறப் படுத்து
தவளை உதை பழகுகிறேன்:
மடக்கு, விரி, சேர், சும்மா இரு.
அந்தச் சும்மா இருப்பதுதான் வரமாட்டேன் என்கிறது.
மேம்பாலப் படிகளில் பக்கவாட்டாக
நண்டு போல இறங்குகிறேன்.

பிளவு ஜோடிக்கும் பணம் கட்டியாயிற்று.
குளியலறைக் கதவுக்குப் பின்னால் நிற்கிறது,
வெள்ளை மணலாய்,
யாரும் எதற்காகவும் காத்திருக்காத
ஏதோ ஒரு கடலுக்காக.

போன ஞாயிறு ஜன்னலுக்கு வெளியே
மூங்கில் கழியில், பள்ளிச் சீருடைகளுக்கு நடுவே
தட்டைகளைக் காயப்போட்டேன்.
கீழ்வீட்டுக்காரர் தலையை நீட்டி
"என்ன, கருவாடா?" என்றார்.
பதில் யோசிப்பதற்குள்
அவருடைய வெள்ளைச் சட்டைமேல்
சொட்டத் தொடங்கிவிட்டது.